நாயோடு மட்டும் பேசிய டாக்டரம்மா

நான் வணக்கம் சொன்னேன். டாக்டரம்மா பதில் வணக்கத்தை என் கையிலிருந்த நாய்க்குட்டிக்குச் சொன்னார். "வாங்க மோனே, இங்கன உக்காருங்க" என்று மேஜையைத் தட்டிக் காட்டினார். எனக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று நானேதான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டயர் கடைக்கும் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிளினிக். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு டார்ச். சொந்த ஊர் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டைப் பக்கம் என்பதால் மகனே, மகளே என்பதை மலையாளத்தில்தான் சொல்வார்: ஆண் நாயெல்லாம் அவருக்கு மோனே, பெண் நாயெல்லாம் மோளே. ஆட்டுக்கும் பூனைக்கும்கூட அதே மரியாதைதான். மனிதர்களை மட்டும் அவர் எப்படியும் கூப்பிட்டதில்லை. அவர்களோடு பேசினால்தானே கூப்பிடுவதற்கு!

பேசமாட்டார் என்றால் ஏதோ மௌனவிரதம் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் ஓயாது. ஆனால் அத்தனையும் மேஜையில் இருக்கிற ஜீவனைப் பார்த்துத்தான். "எத்தன மாசம் ஆச்சு மோனே ஒனக்கு?" என்பார். குட்டி என்ன சொல்லும்? நான் சொல்வேன். "கடைசி ஊசி என்னைக்குப் போட்ட?" அதற்கும் நான்தான். கேள்வி குட்டிக்கு, பதில் என்னுடையது, அந்தப் பதிலுக்குத் தலையாட்டுவதும் மறுபடி குட்டியைப் பார்த்து. எனக்கு வந்ததே கோபம். நான் கடையத்துக்குப் பஸ் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மகன் எந்தக் காலேஜ், மருமகள் எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு வருகிறவள். அப்படிப்பட்ட என்னை ஒருத்தர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், அந்தம்மாவுக்குத் திமிர் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

திமிர் பிடித்தவரிடம் மறுபடியும் ஏன் போனாய் என்று கேட்டால், அப்பாவுக்காகத்தான். குட்டி வாங்கியதே அப்பாவுக்காகத்தான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா போன பிறகு பக்கத்துத் தெருவில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருந்தார். முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டார். ஒரு காலத்தில் சீடையை வாயில் போட்டால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். அந்த மனிதர் ரசத்தில் கரைத்த சோற்றை நாலு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். ஏன்ப்பா என்றால், போதும் என்பார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. பொண்டாட்டி போனதிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை, இப்படியும் ஒரு புருஷனா என்று தெருவே பேசியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் அடுத்த திவசத்துக்குள் அம்மா பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று ராத்திரி படுத்தால் அதே நினைப்புதான்.

ஒரு துணை இருந்தால் சாப்பிடுவார் என்று வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்து கொடுத்தேன். சிப்பிப்பாறைக் கலப்பு. நீள மூஞ்சி, குச்சிக் கால். வேலை பார்த்த காலமெல்லாம் வாயில் இருந்த வார்த்தையையே அப்பா அதற்குப் பெயராக வைத்தார்: ரைட். குட்டிக்கு ஒரு வாய் வைத்துத் தானும் ஒரு வாய் சாப்பிடட்டுமே என்பது என் கணக்கு. குட்டி மொத்தத்தையும் தின்றது. அப்பா வேடிக்கை பார்த்தார்.

ஊசிக்காக இரண்டாம் தடவை கிளினிக்குக்குப் போனபோதுதான் டாக்டரம்மாவின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. எனக்கு முன்னால் புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சை கமிஷன் கடை அண்ணாச்சி ஒருவர் நின்றார். லாரி டிரைவர்களை அதட்டியே பழகிய குரல், கழுத்தில் பெரிய சங்கிலி. அவருடைய லாப்ரடார் மேஜை கொள்ளாமல் வழிந்துகொண்டு கிடந்தது. டாக்டரம்மா அதன் வயிற்றைத் தடவியபடி, "ஏன் மோனே, இந்த வயித்துல என்னத்தப் போட்டு ரொப்புத? ஒங்க மொதலாளிக்கு ஒம்மேல பாசமா, இல்ல ஒன்ன அனுப்பி வச்சிரணும்னு நேர்ச்சையா?" என்று கேட்டார். அண்ணாச்சி நெளிந்தார். தினமும் ராத்திரி ஜிலேபி கொடுப்பதை, யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார். இனிமேல் கொடுக்கமாட்டேன் என்றார். அவர் அதையும் நாயிடமே சொன்னார். ஊரையே அதட்டுகிற மனிதர் ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்காத குறையாக நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சீசன் நேரத்தில் இன்னும் கூத்தாக இருக்கும். அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் கூடவே நாயையும் கூட்டி வந்துவிடுவார்கள். ஒரு தடவை மெட்ராஸ் தம்பதி ஒன்று, காதில் தண்ணீர் புகுந்து தலையைச் சிலுப்பிக்கொண்டே இருந்த பொமரேனியனோடு வந்தது. இவர்தான் ஓடையில் இறக்கினார் என்று அவளும், அவள்தான் சொன்னாள் என்று அவரும் ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா நாயின் காதைத் துடைத்தபடியே, "மோளே, அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிக்கட்டும். நம்ம அதுக்குள்ள மருந்து விட்டுருவோம்" என்றார். இருவரும் கப்சிப்.

ஜாடை பேசுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. என் மாமியார் பூனையைத் திட்டினால் அது எனக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும். ஆனால் மாமியார் ஜாடையில் விஷம் இருக்கும். டாக்டரம்மாவின் பேச்சில் அது இல்லை. ஒருநாள் துணிந்து, எங்களைப் பார்த்துப் பேசமாட்டீர்களா டாக்டர் என்று கேட்டே விட்டேன். அவர் ரைட்டின் காதைச் சொறிந்தார்.

"மனுசங்ககிட்ட நேரா சொன்னா எதுத்துப் பேசுவாங்க மோனே. ஒங்கிட்ட சொன்னா ஒட்டுக் கேப்பாங்க. நம்ம ஊர்ல ஒட்டுக் கேட்ட விசயத்தத்தான் எல்லாரும் நம்புவாங்க" என்றார்.

அன்றோடு என் கோபம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம் அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

குட்டிக்கு ஆறு மாதம் நெருங்கும்போது புதுச் சிக்கல் வந்தது. தட்டில் வைத்ததை வாயில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், முனகிக்கொண்டே மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் யாருக்குமே சோறு ஒட்டவில்லையே என்று என் மாமியார் நாக்கு கூசாமல் சொன்னார். அப்பாவைச் சாப்பிட வைக்கத்தானே குட்டி வாங்கினேன்? அதுவும் பட்டினி கிடந்தால் அவர் மிச்சத்தையும் விட்டுவிடுவாரே! அப்பாவையும் குட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கோரைப் பல் இரட்டையாக நின்றது. ஊசிபோலப் பால் பல் ஒன்று, அதற்கு உள்பக்கமாகப் புதுப் பல் ஒன்று.

"பாரு மோனே, பால் பல்லு எறங்க வேண்டிய ஸ்டாப்பு எப்பவோ வந்துட்டு. அது எறங்காம சீட்டுலயே உக்காந்திருக்கு. புதுசா ஏறுன பல்லு என்ன செய்யும்? உள்ள தள்ளி ஒண்டிக்கிட்டு நிக்கி. நீ வாய மூடுனா அது மேல அண்ணத்துல குத்துது. அந்தா, ரெண்டு குழி செவந்து கெடக்கு. வலிக்கிற வாய வச்சுக்கிட்டு எவன் சாப்பிடுவான்?"

பேச்சில் பஸ்ஸை இழுத்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்படியானால் இறக்கி விட்டுவிட வேண்டியதுதான் டாக்டர் என்று கண்டக்டர் குரலிலேயே சொன்னார். ஆனால் வலிக்கிற வாயை வைத்துக்கொண்டு எவன் சாப்பிடுவான் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டதையும் நான் பார்த்தேன். குட்டிக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சும்மா இருப்பேனா? பால் பல் தானாக விழுந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னாரே என்றேன். யாரோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் பார்க்கிறார்கள் மோனே என்று டாக்டரம்மா ஆரம்பித்து, புதுப் பல் இவ்வளவு வளர்ந்த பிறகும் நிற்கிற பால் பல் தானாகப் போகாது, காத்திருந்தால் புதுப் பல் கோணலாகவே ஊன்றிவிடும், அப்புறம் அண்ணத்தில் ஓட்டையே விழுந்துவிடும் என்று குட்டிக்கு விளக்கமாகச் சொன்னார். மயக்க ஊசி போட்டு இரண்டு பால் பல்லையும் எடுத்துவிட வேண்டும், முதல் நாள் ராத்திரியோடு சாப்பாடு கிடையாது என்பதையும் குட்டிக்கே சொன்னார். எல்லாவற்றையும் நான் ஒட்டுக் கேட்டுக்கொண்டேன்.

பல் எடுத்த அன்று நல்ல சாரல். கிளினிக் வாசல் தகரத்துக்குக் கீழே அப்பா நின்றார், உட்காரவே இல்லை. சின்னப் பல்தானே, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, பால் பல்லுக்கு வெளியே தெரிவதைவிட வேர்தான் நீளம். அவசரப்பட்டு இழுத்தால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். குட்டி கண் விழித்ததும் டாக்டரம்மா பஞ்சில் வைத்து இரண்டையும் அதன் மூக்குக்கு முன்னால் காட்டினார். இந்தா மோனே, ஒன் சாமான், ஒங்க தாத்தாகிட்ட குடுத்து வை என்றார்.

தாத்தா வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்தார் தெரியுமா? பால்காரர் வீட்டில் ஒரு உருண்டை சாணி வாங்கி, இரண்டு பல்லையும் அதற்குள் வைத்து உருட்டி, தெருவில் நின்று மொட்டை மாடியைப் பார்த்து எறிந்தார். எனக்குப் பல் விழுந்தபோது எறிந்த அதே வீசல். எதிர்வீட்டுக்காரர் யாருக்குப் பல் விழுந்தது என்று கேட்டதற்கு, பேரனுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மாடியைப் பெருக்குகிறவள் நான்தான் என்பது அவர் நினைவில் இல்லை.

புண் ஆறிய பிறகும் புதுப் பற்கள் கொஞ்சம் உள்ளேயே சாய்ந்திருந்தன. இதற்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்து ஒரு ரப்பர் பந்து. குட்டி அதைக் கவ்வும்போது பந்து இரண்டு கோரைப் பற்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அவற்றை வெளிப்பக்கமாக நெட்ட வேண்டும். சின்னதாக இருந்தால் விழுங்கிவிடும், பெரிதாக இருந்தால் கவ்வாது. தினமும் மூன்று வேளை விளையாடணும் மோனே, ஒங்க தாத்தாவுக்கு வேற வேலை கிடையாதுல்லா என்றார்.

அப்பா நூலால் குட்டியின் பல் இடைவெளியை அளந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தென்காசிக் கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் பஸ் ஏறிக் குற்றாலம் போய், சீசன் கடைகளில் பொம்மைகளுக்கு நடுவில் தேடியிருக்கிறார். குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்காரர் கேட்டாராம். ஆறு மாதம் என்றாராம் அப்பா. ஐயையோ, இது வாய்க்குள்ளே போய்விடும் பெரியவரே என்று கடைக்காரர் பதறியிருக்கிறார். வாய்க்குள்ளே போகணும் என்றுதானே வாங்குகிறேன் என்று அப்பா சொன்னதும், அந்த ஆள் பந்தைக் கையிலிருந்து பிடுங்காத குறையாம். நாய்க்கு என்று விளக்கி வாங்கி வருவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

அதிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் பந்து உருளும் சத்தம்தான். அப்பா எறிவார், ரைட் கவ்விக்கொண்டு வரும். தெருவில் எல்லோரும் அண்ணாச்சி தேறிவிட்டார் என்றார்கள். நானும் ஆசையாக வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வடையைப் பிட்டுக் குட்டிக்குப் போட்டார். தனக்கு அதே கரைத்த ரசம் சோறு, அதே நாலு வாய். குட்டி மினுமினுவென்று ஆகிவிட்டது. அப்பாவின் கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது. சமையலறையில் நின்று சத்தம் வராமல் அழுதேன். அம்மாவிடம்கூடக் கோபப்பட்டேன், போகும்போது இந்த மனிதரின் பசியையும் ஏன் எடுத்துக்கொண்டு போனாய் என்று.

சில வாரம் கழித்து, பல் எப்படி இருக்கிறது என்று காட்டப் போனோம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கோரைப் பல்லும் வெளியே சாய்ந்து, இருக்க வேண்டிய இடத்தில் அம்சமாக நின்றன. அண்ணத்துக் குழிகள் மூடிவிட்டன. இனிமே எலும்பே கடிக்கலாம் மோனே என்று அதன் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றாலத்துப் பந்துக் கதையை அவரே நடித்துக் காட்டத் தொடங்கினார். டாக்டரம்மாவும் குட்டியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

கடைக்காரர் பதறிய இடம் வந்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணைச் சுருக்கிக் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டார், பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி கதையைத் தொடர்ந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி" என்றார்.

வாசலில் வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"வாயத் தெறங்க" என்றார்.

அப்பா, எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று மழுப்பினார். குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடப் பார்த்தார். டாக்டரம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் நின்றார்.

"நான் ஒங்ககிட்டதான் பேசுதேன்."

அப்பா வாயைத் திறந்தார். டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் உள்ளே நின்றது. அதை அணைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். அத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் கண்ணை நான் நேராகப் பார்த்தேன். சொல்லப்போவதைக் கேட்பதற்கு முன்பே நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் மனுச டாக்டர் இல்ல. ஆனா நாக்குல இருக்க அந்தப் புண்ணு நாளைக்குப் பாப்போம்னு விடுத புண்ணு இல்ல. வீட்டுக்குப் போவாண்டாம். இப்படியே பல்லு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. குட்டி இங்கன இருக்கட்டும்" என்றார்.

போனோம். கடைவாய்ப் பல் ஒன்று எப்போதோ பாதி உடைந்திருக்கிறது. மிச்சம் கத்திபோல நின்று, வாயை அசைக்கும்போதெல்லாம் நாக்கின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பல் டாக்டர் முகத்தைச் சுளித்தார். இவ்வளவு நாள் ஆறாத புண்ணை லேசாக விடக்கூடாது என்று, பல்லைப் பிடுங்கிவிட்டுப் புண்ணில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிற வரைக்கும் நான் வேண்டாத சாமி இல்லை. காசிவிசுவநாதரிலிருந்து தெருமுனை மாதா கெபி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, வெறும் புண்தான், ஆறிவிடும் என்று பல் டாக்டர் சொன்னபோது அவர் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

ஒரு பெட்டி அல்வாவோடு ரைட்டையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்க ஓடினேன். பழையபடி ஆகிவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. தாத்தாவுக்குச் சொகமாயிட்டாமே மோனே, ஒங்க அம்மைய அழுவாண்டாம்னு சொல்லு என்று ரைட்டிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவர் இங்கே இல்லை. கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை, சொல்வதாக இருந்தாலும் குட்டியிடம்தான் சொல்லியிருப்பார். இப்போதும் எங்காவது ஒரு நாய் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டால், குனிந்து பல்லைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

புண் ஆறிய பிறகு அப்பா சாப்பிட்ட முதல் முழுச் சாப்பாடு எனக்கு மறக்காது. நெத்திலி வறுவல், மீன் குழம்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். போட்டுக்கொண்டே இருந்த எனக்குச் சந்தோஷம் போய் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல் வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, இத்தனை மாதமும் எங்களைச் சாகடித்துவிட்டீர்களே என்று கரண்டியும் கையுமாகக் கத்தினேன்.

அப்பா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"எப்பிடிட்டி சொல்ல? பொஞ்சாதிய நெனச்சு மனுசன் சோறு திங்கலன்னு ஊரே சொல்லுது. வந்தவன் போனவன்லாம் கையப் புடிச்சு அழுதான். அதுல போயி பல்லு வலின்னு சொல்ல முடியுமா?" என்றார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஒங்கம்ம இருந்தவரைக்கும் அவளப் பத்தி நான் நாலு பேரு முன்னால ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. போன பெறகாவது அவளுக்கு அந்தப் பேரு கெடைக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."